பஞ்சு என்று பெயர் வைத்தார்கள்

ஒரு டிரைவர் தன் வண்டியில் பிரேக் சரியில்லை என்று சொன்னால், வண்டியைப் பார்ப்பார்களா, அவன் காலைப் பார்ப்பார்களா? எங்கள் கிடங்கில் காலைப் பார்த்தார்கள். டாக்டரிடம் அனுப்பி, மேசைமேல் உட்காரவைத்து, முட்டியில் தட்டிப் பார்த்தார்கள். நான் அந்தக் கிடங்கின் அலுவலகத்தில் வண்டிகளின் வரவு போக்கைப் பதிவு செய்துகொண்டிருந்தவன். வேலையை விட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவரை எல்லோரும் பஞ்சு என்று கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அந்தப் பட்டப்பெயரால் நான் அவரை ஒருநாளும் அழைத்ததில்லை. இங்கேயும் டிரைவர் என்றே எழுதுகிறேன்.

எங்களுடையது தரைக்கும் சுவருக்கும் பதிக்கும் டைல்ஸ் விற்கிற கிடங்கு. டிரைவர் முதலில் அங்கே சுமை தூக்கத்தான் வந்தார். டைல்ஸ் பெட்டியைத் தோளில் ஏற்றும்போது அதன் முனை காதில் உரசும். அவருடைய வலது காதின் மேல்மடல் கடைசிவரை காய்ப்பேறியே இருந்தது. தூக்கிக்கொண்டிருக்கும்போதே லைசென்ஸ் எடுத்தார். பழைய டிரைவர் ஒருநாள் கோபித்துக்கொண்டு சாவியை எறிந்துவிட்டுப் போனார். அதைக் குனிந்து எடுத்தவர் இவர்தான். அன்றிலிருந்து கிடங்கின் பிக்கப் வண்டி இவர் கையில்.

வண்டியில் ஏறும்போது செருப்பைக் கழற்றி இருக்கைக்குப் பின்னால் வைத்துவிடுவார். கதவுக்குக் கீழே ஒரு சாக்குத் துண்டு கிடக்கும். அதில் வலது பாதத்தைக் குதிகால்வரை தேய்த்துத் துடைத்துக்கொண்டுதான் ஏறுவார். மழையானாலும் வெயிலானாலும் வெறுங்கால்தான். சுமைதூக்கிகள் விடுவார்களா?

“என்னண்ணே, மாமியார் வீட்டுக்குள்ள நுழையற மாதிரி நுழையறீங்க?”

“செருப்பு போட்டா பெடல் சொல்றது கேக்காதுடா.”

“கேக்கறதுக்குக் காதுல்ல வேணும்?”

“உனக்குக் காது இருந்து என்ன பண்ணிட்ட? எனக்குக் காலே போதும்.”

எவ்வளவு சரக்கு ஏற்றினாலும் அவர் வண்டியை நிறுத்தும்போது மேலே ஒரு பெட்டி அசையாது. டைல்ஸை அவர் இறக்கிவிட்டுப் போன வீடுகளிலிருந்து, ஓரம் உடைந்துவிட்டது என்று பெட்டி திரும்பி வருவது அபூர்வம். பதிவு என் கையில் இருந்ததால் சொல்கிறேன்.

கிடங்கின் பின்பக்கத்தில் எங்களுக்கென்று ஒரு சிறிய பட்டறை இருந்தது. அதன் மெக்கானிக், டிரைவருடைய மனைவியின் தம்பி. வேலைக்காரன்தான், அதில் குறை சொல்லமாட்டேன். என்ஜின் சத்தத்தை வாசலில் நின்று கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். ஆனால் பட்டறையை விட்டு வெளியே வரமாட்டான். “நோயாளிதான் டாக்டரைத் தேடி வரணும்” என்பான்.

ஒரு தடவை பின் இடது சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிந்தது. மெக்கானிக் அந்தச் சக்கரத்துக்குள் இருக்கிற சின்ன சிலிண்டரை எடுத்துவிட்டுப் புதியது போட்டான். கசிவு நின்றது. மறுநாள் மாலை டிரைவர் பட்டறை வாசலுக்கு வந்தார்.

“மச்சான், பெடல் பஞ்சு மாதிரி இருக்குடா. மிதிச்சா உள்ள போகுது, போகுது, போய்க்கிட்டே இருக்கு. ரெண்டு மூணு தரம் குத்தினாத்தான் பிடிக்குது.”

“லைன்ல ஏர் இருக்கும் அத்தான். கொண்டாங்க, எடுத்துடறேன்.”

பிரேக் குழாய்க்குள் ஆயில் மட்டும்தான் இருக்கவேண்டும். காற்று புகுந்தால் மிதிக்கிற அழுத்தமெல்லாம் காற்றை நசுக்குவதிலேயே போய்விடும். சக்கரத்துக்குப் போய்ச் சேராது. இதை எனக்குச் சொன்னவன் மெக்கானிக்தான். காற்றை எப்படி வெளியேற்றுவது என்பதும் அவனுக்குத் தெரியும். அப்படியிருந்தும் என்ன நடந்தது என்று பாருங்கள்.

பட்டறைச் சுவரில் முதலாளி ஒரு பலகை மாட்டியிருந்தார். ‘சரக்கோடு வண்டி உள்ளே வரக்கூடாது.’ எப்போதோ ஒரு வண்டியைச் சரக்கோடு தூக்கியபோது பெட்டிகள் சரிந்து உடைந்தனவாம். அதிலிருந்து இந்தச் சட்டம். ஆகவே பிக்கப்பைக் காலி செய்துதான் உள்ளே விட்டார்கள். மெக்கானிக் வண்டியின் அடிச்சட்டத்துக்குக் கீழே தாங்குகட்டை கொடுத்துப் பின்பாகத்தை உயர்த்தினான். பின்சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. சக்கரத்தில் ஆயிலை வெளியே விடுவதற்கென்று இருக்கிற சின்ன மூக்கை நிப்பிள் என்பார்கள்; அதில் உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் குழாயைச் சொருகி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டான். ஒருவன் மேலே உட்கார்ந்து மிதிக்க, இவன் கீழே நிப்பிளைத் திறந்து மூடினான். ஆயில் சொட்டுச் சொட்டாக வந்தது. ஒரு குமிழிகூட இல்லை.

“குமிழி இல்லைன்னா ஏர் இல்லை. இப்ப மிதிங்க அத்தான்.”

டிரைவர் மிதித்தார். பெடல் கல் மாதிரி நின்றது.

வண்டியில் சரக்கு ஏற்றினார்கள். தெருமுனை திரும்புவதற்குள் மறுபடி பஞ்சு.

இப்படியே திரும்பத் திரும்ப நடந்தது. பட்டறையில் கல், தெருவில் பஞ்சு. மெக்கானிக் பெடலுக்குப் பின்னால் இருக்கிற மாஸ்டர் சிலிண்டரையே மாற்றிப் பார்த்தான். அதுவும் பட்டறையில் கல், தெருவில் பஞ்சு. அவனுக்கும் பொறுமை போய்விட்டது. ஒருநாள் முற்றத்தில் எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னான்:

“மாத்த வேண்டியதெல்லாம் மாத்தியாச்சு அத்தான். இன்னும் பஞ்சு பஞ்சுன்னா நான் என்ன பண்ண? உங்க காலுக்குத்தான் ஏர் எடுக்கணும்!”

முற்றம் சிரித்தது. பெயர் அன்றைக்குத்தான் ஒட்டியது. காலையில் அவர் வாசலில் நுழைந்தால், “பஞ்சு அண்ணே, மெத்தை எப்படி இருக்கு?” என்று ஒருவன் கேட்பான். “தலையணையும் சேத்துப் போடச் சொல்லுங்க” என்பான் இன்னொருவன். தன் உயிரையும் தெருவில் போகிறவர்கள் உயிரையும் நினைத்து ஒரு மனிதன் சொன்ன வார்த்தை. அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

அவர் சிரிக்கவும் இல்லை, சண்டைக்குப் போகவும் இல்லை. ஒன்றை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்: “சரக்கு ஏத்தினாத்தான் இப்படி ஆகுது.” பட்டறையில் சொன்னார், என் மேசைக்கு வந்து சொன்னார், மாடி அறைக்குப் போய் முதலாளியிடமும் சொன்னார். முதலாளி நாற்காலியைச் சுழற்றிக்கொண்டே கேட்டார்:

“ஏம்ப்பா, சரக்கு ஏத்தறது பின்னால. பெடல் இருக்கறது முன்னால. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?”

“தெரியலை முதலாளி. ஆனா அப்படித்தான் ஆகுது.”

“தெரியாததைப் பேசாத.”

தெரியாதது முதலாளிக்கும்தான். அவர் பேசலாம், இவர் பேசக்கூடாது.

கிடங்கிலிருந்து கடைத்தெருவுக்குப் போகும் வழியில் ஒரு நீண்ட இறக்கம் உண்டு. அது முடிகிற இடத்தில் நான்கு தெரு கூடும். ஒரு காலை நேரம் அந்த இறக்கத்தில் பெடல் தரைவரை போய்விட்டது. அவர் குத்திக் குத்தி மிதித்து, கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, ஒரு சைக்கிள் கடையின் வாசல்படியில் முட்டாமல் நிறுத்தினார். யாருக்கும் அடி இல்லை. பின்னால் பெட்டிகள் சரிந்து பாதி உடைந்தன. சைக்கிள் கடைக்காரர் வெளியே வந்து, “இவ்வளவு கிட்ட நிறுத்துனதுக்கு உள்ள வந்து ஒரு சைக்கிளே எடுத்துட்டுப் போயிருக்கலாமே!” என்றாராம். 

முதலாளிக்கு உடைந்த பெட்டிகள் கண்ணில் பட்டன. மெக்கானிக்கைக் கூப்பிட்டார். காலி வண்டியை அவன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, பெடல் கொஞ்சம் தணிவாக இருக்கிறது, மற்றபடி பிரேக் பிடிக்கிறது என்றான். அவ்வளவுதான். வண்டி தப்பித்தது, மனிதர் மாட்டிக்கொண்டார்.

“காலுல பலம் குறைஞ்சிருக்கும். டாக்டர்கிட்ட காட்டிட்டு வா.”

டாக்டர் அவரை நடக்கச் சொன்னார். குந்தி எழச் சொன்னார். தன் உள்ளங்கையை வைத்து, பாதத்தால் தள்ளச் சொன்னார். “உங்க கால் என் கையை ஒடிச்சுடும் போல இருக்கே, யார் அனுப்பினா உங்களை?” என்று கேட்டாராம். கால் பலமாக இருக்கிறது என்று சான்றும் எழுதிக் கொடுத்தார். அதைப் படித்துவிட்டு முதலாளி சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை:

“கால் நல்லா இருக்குன்னா, அப்ப மனசுதான். வயசானா பயம் வரத்தான் செய்யும். நீ கேட்ல நின்னு சரக்கைச் சரிபாரு. நாளையிலேருந்து பிக்கப்பை உன் மக ஓட்டட்டும்.”

டிரைவரின் மகள் எங்கள் கிடங்கிலேயே சின்னச் சரக்கு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தாள். நல்ல கை. பிக்கப் ஓட்டவேண்டும் என்று அவளுக்கு நெடுநாள் ஆசை. கேட்ட மாத்திரத்தில் சரி என்றுவிட்டாள். அப்பாவை இறக்கிவிட்டு ஏறுகிறோம் என்று அவள் நினைக்கவில்லை. அப்பாவுக்கு ஓய்வு கிடைக்கிறது என்றே நினைத்தாள். அந்த வீட்டில்கூட ஒருவரும் அவர் சொன்னதை நம்பவில்லை.

அவர்கள் வீடு எங்கள் தெருவில் எதிர்வரிசை. அன்று மாலை அந்த வீட்டில் நடந்ததில் பாதி என் ஜன்னலுக்கே கேட்டது. மீதியை அவர் பிறகு சொன்னார்.

“அந்த வண்டில நீ ஏறக்கூடாது.”

“அப்பா, மாமா பார்த்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னாருல்ல?”

“உன் மாமா காலி வண்டியைப் பார்த்தான். நாளைக்கு நீ காலி வண்டியா ஓட்டப்போற?”

மனைவி குறுக்கே வந்தாள்.

“ஏங்க, எதுக்கெடுத்தாலும் என் தம்பியையே இழுக்கறீங்க?”

“உன் தம்பியை நான் எங்கடி இழுத்தேன்? இழுத்தா வந்திருப்பானே! பட்டறையை விட்டு ஒரு எட்டு வெளிய வந்து, சரக்கோட ஒரு மிதி மிதிடான்னு எத்தனை நாளா கேக்கறேன்? என்னைப் பயந்தாங்கொள்ளின்னு சொல்லட்டும். பஞ்சுன்னு சொல்லட்டும், பருத்திமூட்டைன்னே சொல்லட்டும். கேட்ல நிக்கச் சொன்னா நிக்கறேன். ஆனா இவ அந்த இறக்கத்துல இறங்கக்கூடாது. நான் சைக்கிள் கடைக்காரன் மூஞ்சியை அவ்வளவு கிட்டத்துல பார்த்தவன்.”

பிறகு மனைவி தம்பிக்குப் போன் செய்தாள். அது தெருவுக்கே கேட்டது.

“தம்பி, நீ ஒண்ணும் பேசாத, நான் சொல்றதைக் கேளு. காலைல நீ முத்தத்துக்கு வந்து சரக்கோட அந்தப் பெடலை மிதிக்கற. மிதிக்கலைன்னா இந்த வீட்டு வாசப்படியை இனிமே மிதிக்காத. வச்சுடறேன்.”

மறுநாள் காலை பிக்கப் முற்றத்தில் முழுச் சரக்கோடு நின்றது. மகள் கையில் சாவி. டிரைவர் வண்டியின் முன்னால், பம்பரில் முதுகு படும்படி நின்றுகொண்டிருந்தார். சுமைதூக்கிகள் சுற்றி நின்றார்கள். யாரும் மெத்தை, தலையணை என்று பேசவில்லை. மெக்கானிக் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு பட்டறையிலிருந்து வெளியே வந்ததே பெரிய அதிசயமாக இருந்தது.

“டாக்டர் வீட்டுக்கே வந்துட்டாருடோய்!” என்றான் ஒருவன்.

“அக்கா போன்ல ஊசி போட்டுட்டா, வராம?” என்றான் மெக்கானிக், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு. ஏறி உட்கார்ந்து, என்ஜினை ஓடவிட்டு மிதித்தான்.

அவன் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உர் போய்விட்டது. மறுபடி மிதித்தான். காலை எடுத்துவிட்டு இன்னொரு தரம் மெதுவாக மிதித்தான். கீழே இறங்கி, வண்டியைச் சந்தேகமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்ப ஏறினான்.

“அத்தான்… உள்ள போகுது.”

“அப்படியா? எனக்குக் காலுல பலம் இல்லைன்னு சொன்னாங்க.”

அதற்குப் பிறகு அவன் பேச்சை விட்டு வேலையில் இறங்கினான். அதையும் சொல்லவேண்டும். விடாமல் குத்தி மிதித்தால் பெடல் மேலே ஏறி வந்தது. அப்படியே அழுத்திப் பிடித்தால் கீழே நழுவாமல் நின்றது. ஆகவே மாஸ்டர் சிலிண்டர் நன்றாக இருக்கிறது. குழாய்க்குள் எங்கோ காற்று இருக்கிறது. எங்கே என்று தெரியவேண்டும். ரப்பர் குழாயைக் கிழிக்காமல் நெருக்கிப் பிடிக்கிற இடுக்கிகளை எடுத்து, முன்சக்கரங்களுக்குப் போகும் குழாய்கள் இரண்டையும் அடைத்தான். மேலே மகள் மிதித்தாள்.

“பஞ்சுதான், மாமா” என்றாள்.

முன்னால் போட்ட இடுக்கிகளை எடுத்துவிட்டு, பின்சக்கரங்களுக்குப் போகும் குழாயை அடைத்தான்.

“மாமா! கல்லு!”

மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்தபடி வெகுநேரம் வெளியே வரவில்லை. பின் அச்சுக்கு மேலே, வண்டியின் அடிச்சட்டத்தில் ஒரு வால்வு இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்குப் போகிறது. சரக்கு ஏறி வண்டி தாழ்ந்தால் கம்பி வால்வை நன்றாகத் திறக்கும். பின்சக்கரங்களுக்கு முழு அழுத்தம் போகும். வண்டி காலியாகி உயர்ந்தால் வழியைக் குறுக்கும், பின்சக்கரங்கள் வழுக்காமல் இருப்பதற்காக. சக்கரங்களை அந்தரத்தில் தொங்கவிட்டாலோ, ஏறக்குறைய மூடியே விடும். அவன் ஒவ்வொரு தடவையும் தொங்கவிட்டுத்தான் காற்றை எடுத்திருக்கிறான். வழியை மூடிவைத்துக்கொண்டு, குமிழி வரவில்லை, ஆகவே காற்று இல்லை என்று முடிவு கட்டியிருக்கிறான். மூடிய வழிக்கு அந்தப்பக்கம் காற்று இருந்தால் பெடலுக்கு எப்படித் தெரியும்? அது கல்லாகத்தான் நிற்கும். சரக்கு ஏறியதும் வழி திறக்கும், காற்று நசுங்கும், பஞ்சாகும். பின்னால் ஏற்றுவதற்கும் முன்னால் மிதிப்பதற்கும் சம்பந்தம் அவ்வளவுதான்.

முகத்தில் கிரீஸோடு அவன் வெளியே வந்தான்.

“அந்தக் கம்பியை நான் தெனம் பார்க்கறேன் அத்தான். அதுல கிரீஸ்கூட வச்சிருக்கேன்.” பிறகு யாரையும் பார்க்காமல், “சரக்கோடதான் எடுத்திருக்கணும்” என்றான்.

பழைய பிளாஸ்டிக் குழாயைப் பின் இடது சக்கரத்து நிப்பிளில் சொருகி, ஸ்பானரை வைத்தான். அப்போதுதான் டிரைவர் குரலை உயர்த்தினார்.

“திறக்காத.”

“ஏன் அத்தான்? ஒரு நிமிஷ வேலை.”

“தெரியும். நீ திறந்துட்டா பெடல் கல்லாயிடும். அப்புறம் நான் சொன்னது பொய்யாவே போயிடும். முதலாளி வந்து மிதிச்சதுக்கு அப்புறம் திற.”

மகள் சாவியைக் கையில் பொத்திக்கொண்டு மாடிப்படி ஏறிப் போனாள். என்ன சொன்னாளோ, முதலாளி கீழே வந்தார். வந்த வேகத்திலேயே, “கோளாறு தெரிஞ்சுபோச்சுல்ல, சரிபண்ணி அனுப்ப வேண்டியதுதானே, என்னை எதுக்குக் கூப்பிடறீங்க?” என்றார்.

“ஒரு மிதி, முதலாளி” என்றார் டிரைவர். சாக்குத் துண்டை எடுத்துக் கதவுக்குக் கீழே விரித்தார். “ஷூவைக் கழட்டிட்டு ஏறுங்க.”

முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். வாசலில் சரக்குக்குக் காத்திருந்த வாடிக்கையாளர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் ஷூவைக் கழற்றினார். இருக்கையில் ஏறி உட்கார்ந்து மிதித்தார். முட்டி நீண்டுகொண்டே போயிற்று. சட்டென்று ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“என்னய்யா இது, பஞ்சு மாதிரி உள்ள போகுது!”

முற்றம் வெடித்துச் சிரித்தது. சிரிக்காதவர்கள் மூன்று பேர்: முதலாளி, நான், டிரைவர்.

“அதைத்தான் முதலாளி நானும் சொன்னேன்” என்றார் டிரைவர்.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். முதலாளி இறங்கினார், சாக்கில் நின்றபடியே ஷூவை மாட்டினார். “சரி சரி, நேரமாகுது, வண்டியை எடுங்க” என்றார். படியேறிப் போய்விட்டார்.

மெக்கானிக் நிப்பிளைத் திறந்தான். பாட்டிலில் குமிழிகள் கொதிக்கிற தண்ணீர் மாதிரி வந்தன. நின்றதும் மறுபக்கச் சக்கரத்திலும் பார்த்து, ஆயிலை நிரப்பினான். “வீட்டுக்கு வரலாமான்னு அக்காகிட்ட கேட்டுச் சொல்லுங்க அத்தான்” என்றான். “நீயே கேளு, நானே அங்க வாடகைக்கு இருக்கறவன் மாதிரிதான்” என்றார் டிரைவர்.

மகள் சாவியை நீட்டினாள். அவர் செருப்பைக் கழற்றி, சாக்கில் காலைத் துடைத்து, ஏறி, பெடலைக் கொஞ்சநேரம் மிதித்தபடியே வைத்திருந்தார். பிறகு, “என்ன நிக்கற? அந்தப் பக்கம் ஏறு. இறக்கம் தாண்டறவரைக்கும் நான் ஓட்டறேன். திரும்பி வரும்போது நீ ஓட்டு” என்றார்.

பட்டறைச் சுவரில் அந்தப் பலகை அப்படியேதான் இருந்தது. சரக்கு ஏற்றிய வண்டிக்கு மட்டும் மெக்கானிக் முற்றத்துக்கு வர ஆரம்பித்தான். டிரைவருடைய காலைச் சந்தேகப்பட்டதற்கு அடையாளமாகக் கிடந்த டாக்டர் சான்றை அவருடைய கோப்பிலிருந்து எடுக்க முதலாளி அனுமதிக்கவில்லை. வண்டியில் இருந்த கோளாறைப் பற்றி அதில் ஒரு வரிகூட எழுதச் சொல்லவும் இல்லை. யாரும் சொல்லாமலே நான் எழுதி வைத்தேன்: கோளாறு பிரேக்கில் இருந்தது, டிரைவரிடம் இல்லை.

மறுநாள் ஒரு சுமைதூக்கி பழக்கதோஷத்தில், “பஞ்சு அண்ணே!” என்று குரல் கொடுத்தான்.

இன்னொருவன் பெட்டியைத் தோளில் வைத்தபடியே கேட்டான்: “யாரைடா கூப்பிடற? பஞ்சு மாடியிலதானே இருக்காரு?”

மாடியில் ஜன்னல் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.